ஐந்தாம் நம்பர் இறக்கை: நானோகுழாய் கலந்த ஃபைபர் விசிறி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

திருமங்கலம் பக்கம் ஒரு நூற்பாலை. நள்ளிரவு ஷிப்ட் ஓடிக்கொண்டிருந்தபோது ஈரப்பத பிளான்ட் அறைக்குள் வெடி போட்டது போல ஒரு சத்தம். நல்லவேளையாகப் பூட்டிய அறை, உள்ளே ஆள் இல்லை. கதவைத் திறந்து பார்த்தால், காற்றை இழுத்துத் தள்ளும் பெரிய விசிறியின் எட்டு ஃபைபர் இறக்கைகளில் ஒன்று கழுத்தோடு முறிந்து, உறையில் மோதி, பக்கத்து இறக்கைகளையும் நொறுக்கிப் போட்டிருந்தது. அடுத்த ஒரு மணி நேரத்தில் ஸ்பின்னிங் ஹாலில் ஈரம் இறங்கிவிட்டது. ஈரம் இறங்கினால் நூல் பட்டுப்பட்டென்று அறும், பஞ்சு பறக்கும். விடிவதற்குள் பாதி மெஷினை நிறுத்தவேண்டியதாயிற்று.

அந்த இறக்கைகள் என் பட்டறையில் செய்தவை அல்ல. ஆனால் மாற்று செட் செய்யும் வேலை கப்பலூரில் இருக்கும் என்னிடம் வந்தது. அளவெடுக்கப் போன அன்று ஆலையின் மெயின்டனன்ஸ் மேஸ்திரி, முறிந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "புதுசா நீங்க செஞ்சு குடுத்துருவீங்கண்ணே. இது எப்ப ஒடியும்னு ஒடியுறதுக்கு முன்னாடி சொல்ல முடியுமா?"

இருபது வருஷமாக ஃபைபர் வேலை செய்கிறேன். இந்தக் கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. மதுரையில் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆராய்ச்சி செய்யும் தம்பி ஒருவர் அவ்வப்போது மாதிரித் தகடு போட என் பட்டறைக்கு வருவார். அவரிடம் சொன்னேன். "நானோகுழாய் போட்டுப் பார்ப்போமாண்ணே?" என்றார். அப்படி ஆரம்பித்ததுதான் இந்த வேலை.

கழுத்து தாங்கும் சுமை

விசிறியின் விட்டம் 1.8 மீட்டர், நிமிடத்துக்கு 720 சுற்று. ஓர் இறக்கை சுமார் 2 கிலோ. அதன் எடை மையம் அச்சிலிருந்து அரை மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால், சுற்றும் வேகத்தில் இறக்கை தன் கழுத்தை வெளிப்பக்கம் இழுக்கும் விசை சுமார் 5,700 நியூட்டன். பதினொன்று, பன்னிரண்டு சிமென்ட் மூட்டைகளைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி. அதற்கு மேல் காற்று அழுத்தம் இறக்கையை வளைக்கிறது. மூன்று ஷிப்டும் ஓடும் ஆலையில் இதற்கு ஓய்வே கிடையாது.

ஃபைபர் சட்டென்று ஒடிவதில்லை. முதலில் இழைகளுக்கு நடுவே இருந்து அவற்றை ஒட்டிப் பிடிக்கும் ரெசினில் மயிரிழை விரிசல்கள் விழும். அவை சேர்ந்து இரண்டு லேயர்களுக்கு நடுவே பிரிவாக ஓடும். கண்ணாடி இழைகள் அறுவது கடைசியில்தான். இத்தனையும் நடக்கும்போது மேலே ஜெல் கோட் என்ற மேற்பூச்சு பளபளவென்று சிரித்துக்கொண்டிருக்கும். பட்டறையில் நாங்கள் ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிப் பார்ப்போம். நல்ல இடம் கணீரென்று சொல்லும், பிரிந்த இடம் பொத்தென்று சொல்லும். மானாமதுரையில் கடம் வாங்கப் போகிறவர் தட்டிப் பார்ப்பதும் இதேதான். ஆனால் நாணயத்தின் சத்தத்துக்கு நல்ல காதும் அமைதியான இடமும் வேண்டும். நூற்பாலையில் இரண்டாவது கிடைக்காது. முதலாவது, அங்கே பத்து வருஷம் வேலை பார்த்தவர்களிடம் மிச்சமிருக்காது.

பொருள் எவ்வளவு இழுபடுகிறது என்று காட்டும் உலோகத் தகட்டு ஸ்ட்ரெயின் கேஜ் ஒட்டலாமே என்று கேட்கலாம். ஒட்டலாம். அது தன் காலடியில் இருக்கும் ஒரு சதுர சென்டிமீட்டரைத்தான் பார்க்கும். விரிசல் இரண்டு சென்டிமீட்டர் தள்ளி வந்தால் அதற்குத் தெரியாமலே போகலாம்.

கைமாறிப் போகும் தண்ணீர் பாட்டில்

கண்ணாடி இழையும் எபாக்ஸி ரெசினும் மின்சாரம் கடத்தாதவை. எபாக்ஸிக்குள் கார்பனால் ஆன மிக நுண்ணிய குழாய்களை, அதாவது நானோகுழாய்களை, சிறிதளவு கலந்தால் அது கடத்தும். ஜப்பானில் சுமியோ இய்ஜிமா 1991-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் உலகம் இந்தக் குழாய்களைத் திரும்பிப் பார்த்தது. நாங்கள் பயன்படுத்தியது ஒன்றுக்குள் ஒன்றாகப் பல அடுக்கு உள்ள பல சுவர்க் குழாய்: குறுக்களவு 10 நானோமீட்டர் அளவு, நீளம் ஒன்றிரண்டு மைக்ரான். கண்ணாடி இழை ஒன்றின் குறுக்களவு 15 மைக்ரான் என்று கொண்டால், குழாய் அதைவிட 1,500 மடங்கு ஒல்லி. அதனால்தான் இழைகளுக்கு நடுவே இருக்கும் சந்துபொந்தில் எல்லாம் அது நுழைந்து உட்கார முடிகிறது.

இது வேலை செய்யும் விதத்தைத் தம்பி மேஸ்திரிக்குச் சொல்லிப் பார்த்தார், அவருக்குப் பிடிபடவில்லை. நான் மதுரைக்காரர் பாஷையில் சொன்னேன். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் வைகைக்குள் நிற்கிறீர்கள். தென்கரையிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலைக் கைமாற்றிக் கைமாற்றி வடகரைக்கு அனுப்பவேண்டும். காலையில் மூன்று மணிக்குக் கூட்டம் குறைவு, பாட்டில் நடுவில் நின்றுவிடும். கூட்டம் ஏற ஏற, ஒரு கட்டத்தில் திடீரென்று அது அக்கரை போய்ச் சேரும். நானோகுழாய் என்பது கையை நீட்டிக்கொண்டு நிற்கும் ஆள். அதனால் கொஞ்சம் பேர் இருந்தாலே போதும், எடையில் நூற்றுக்கு ஒன்றுகூட வேண்டாம். டயருக்குப் போடும் கார்பன் பிளாக்கும் நானோத் துகள்தான், ஆனால் அது கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் ஆள். கூட்டம் நிறைய வேண்டும்.

இப்போது நடுக் கூட்டத்தில் ஒரு கயிறு கட்டிப் பாதை ஒதுக்கினால்? பாட்டில் சுற்றிக்கொண்டு போகவேண்டும். விரிசல் செய்வது அதைத்தான். கடத்தும் வழிகள் அறுகின்றன, மின்தடை ஏறுகிறது. விரிசலே விழாமல் பொருள் சற்று இழுபட்டால்கூட எண் அசையும். ஏனென்றால் பக்கத்துப் பக்கத்துக் குழாய்கள் எல்லாமே ஒட்டிக்கொண்டு இருப்பதில்லை. ஒன்றிரண்டு நானோமீட்டர் இடைவெளியை எலக்ட்ரான் தாவிக் கடக்கிறது. அந்த இடைவெளி இம்மி கூடினாலும் தாவல் மளமளவென்று குறைந்துவிடும்.

கண்ணாடி இழைக் கலவையில் இந்த வலை சேதத்தைக் காட்டிக்கொடுக்கும் என்று அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் தோஸ்டென்சனும் சௌவும் 2006-இல் எழுதினார்கள். கார்பன் ஃபைபராக இருந்திருந்தால் கதை வேறு. அங்கே இழையே மின்சாரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடும், ரெசினில் விழும் சின்ன விரிசலை மின்தடையில் பார்ப்பது கஷ்டம். நம்ம ஊரில் போடுவது எல்லாம் கண்ணாடி இழை. இந்த விஷயத்தில் மலிவானதே வசதியானதாகப் போயிற்று.

சிவகாசிக்குப் போன ரெசின்

முதல் முயற்சி சொதப்பல். ஒரு கிலோ எபாக்ஸிக்கு 5 கிராம் குழாய்த் தூள், அதாவது அரை சதவீதம். டிரில் மெஷினில் கலக்கியை மாட்டி ஒரு மணி நேரம் ஓட்டினோம். பார்க்கக் கருகருவென்று நன்றாகத்தான் இருந்தது. கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு வைத்து இன்னொரு தகட்டால் அமுக்கி வெளிச்சத்தில் பிடித்தால், கேப்பைக் கூழில் கட்டி தட்டியது போலப் புள்ளி புள்ளியாக நிற்கிறது. அதில் போட்ட தகட்டில் ஓரிடத்தில் மீட்டர் எண் காட்டியது, அரை அடி தள்ளி ஒன்றுமே காட்டவில்லை.

இந்தக் குழாய்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் பிடிவாதம் அப்படி. பிரிப்பதற்கு மூன்று உருளை மில் வேண்டும் என்றார் தம்பி. மூன்று உருளைகள் ஒவ்வொன்றும் வேறு வேறு வேகத்தில் சுற்றும், நடுவில் உள்ள நூலிடைச் சந்தில் பசையை இழுத்துத் தேய்க்கும். அதை எங்கே தேடுவது என்று யோசித்தபோதுதான் எனக்குச் சட்டென்று உறைத்தது: அச்சு மை அரைக்கிறவர்களிடம் இருப்பது அதுதானே! சிவகாசி இங்கிருந்து ஒன்றரை மணி நேரம்.

மை அரைக்கும் ஒருவர் முதலில் முகத்தைச் சுளித்தார். மஞ்சள் மைக்கு நடுவில் இந்தக் கரியை ஓட்டினால் மில்லைக் கழுவி முடியாது என்றார். அப்புறம், "கறுப்பு ஓட்டுற அன்னைக்கு வாங்க" என்றார். போனோம். சந்தைக் குறைத்துக் குறைத்து ஐந்து முறை ஓட்டினார். மைத் தொழிலில் துகள் அளவு பார்க்கும் ஹெக்மேன் கேஜ் என்ற பள்ளம் வெட்டிய எஃகுக் கட்டை உண்டு. அதில் பசையை வழித்து இழுத்துப் பார்த்துவிட்டு, "கார்பன் பிளாக்கைவிட இது ரொம்ப மொரண்டு பிடிக்குதே" என்று மட்டும் சொன்னார். எங்களுக்கு அந்த ஒரு நாளில் கிடைத்த தரம், பட்டறையில் ஒரு மாதம் கலக்கினாலும் வந்திருக்காது.

பாதுகாப்பைப் பற்றி ஒன்று சொல்லியாகவேண்டும். காய்ந்த நானோகுழாய்த் தூள் காற்றில் மிதக்கும், நுரையீரலுக்குள் போகும். ஒரு குறிப்பிட்ட வகைப் பல சுவர்க் குழாயைப் புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகமை 2014-இல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்ற 2பி பிரிவில் சேர்த்தது. நாங்கள் தூளாக வாங்கியது அந்த ஒருமுறைதான். அடுத்த முறையிலிருந்து ரெசினிலேயே கலந்த பசையாக வாங்கினோம். வெட்டுவது, தேய்ப்பது எல்லாம் தண்ணீர் விட்டு, முகமூடியோடு. பொதுவாகவே ஃபைபர் பட்டறையில் யாரும் முகமூடி போடுவதில்லை என்பது வேறு விஷயம். நானும் இதற்கு முன் போட்டதில்லை.

இறக்கையின் கழுத்தில் சுமை தாங்கும் லேயர்களில் மேலிருந்து இரண்டை மட்டும் இந்தக் கறுப்பு ரெசினில் போட்டோம். ஒவ்வொரு கழுத்திலும் நான்கு செம்புப் பட்டைகளை வெள்ளிப் பசையால் ஒட்டினோம். வெளி இரண்டில் மின்னோட்டம் விட்டு, உள் இரண்டில் மின்னழுத்தம் பார்ப்பது. இப்படிச் செய்தால் ஒயர் ஒட்டிய இடத்தின் தடை கணக்கில் வராது. இரண்டு முனை மல்டிமீட்டரில் பார்த்தால், வெள்ளிப் பசை லேசாக விட்டாலே இறக்கை போய்விட்டது என்று காட்டும். செலவில் பார்த்தால், குழாய்த் தூளைவிட வெள்ளிப் பசைதான் கையைக் கடித்தது.

சுற்றும்போதே படிக்க வேண்டுமானால் வயர்லெஸ் பெட்டியை, இறக்கைகள் மாட்டியிருக்கும் நடு ஹப்பில் ஏற்றவேண்டும். அதை நான் வேண்டாம் என்றேன். 720 சுற்றில் ஹப்புக்குள் ஒரு கூடுதல் சாமான் என்பது நாளைக்கு அவிழ்ந்து பறக்கப்போகும் கூடுதல் சாமான். ஆலை வாரம் ஒருமுறை கிளீனிங்குக்கு நிற்கும். ஹப் மூடியைத் திறந்து கனெக்டரில் தடையை அளக்கும் தம்பியின் பெட்டியைச் செருகி, எட்டு எண்களையும் அறை வெப்பநிலையையும் நோட்டில் எழுதுவது என்று முடிவானது. வெப்பநிலை முக்கியம், ஏனென்றால் எங்கள் கலவையில் சூடு ஏறினால் தடை இறங்குகிறது.

எல்லாமே ஏறினபோது

ஆவணியில் மாட்டினோம். எட்டு இறக்கைக்கும் தொடக்க எண் எட்டு விதம். கையால் போடும் லேயரில் கனம் அப்படி இப்படித்தான் வரும். அதனால் ஒவ்வொன்றையும் அதனதன் தொடக்க எண்ணோடுதான் ஒப்பிட்டோம்.

இரண்டாம் வாரம் எல்லாம் ஏறியிருந்தது. நான்காம் வாரம் இன்னும் ஏறியிருந்தது. ஐப்பசி வாக்கில் எட்டுமே ஏழெட்டு சதவீதம் கூடி நின்றன. மேஸ்திரி போன் போட்டார். "என்னண்ணே, எட்டும் ஒடியப்போகுதா?"

எனக்கும் வயிற்றைக் கலக்கியது. தம்பிதான் நிதானமாக ஒரு கேள்வி கேட்டார்: எட்டுக் கழுத்திலும் ஒரே வாரத்தில் ஒரே அளவு விரிசல் விழுமா? விழாது. அப்படியானால் எட்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்று. அந்த அறைக்குள் போய் நின்றாலே பதில் தெரியும், சட்டை நனைந்துவிடும். அந்த விசிறி தண்ணீர்ச் சாரலைத் தாண்டி வரும் ஈரக் காற்றில் இருபத்து நான்கு மணி நேரமும் சுற்றுகிறது. எபாக்ஸி ஈரம் குடிக்கும், குடித்தால் லேசாக உப்பும், உப்பினால் குழாய்களுக்கு நடுவே இடைவெளி கூடும். முதலில் வேகமாகவும் போகப்போக மெதுவாகவும் குடிக்கும் என்பதால் ஏற்றத்தின் கோடும் அதேபோலப் படுத்துக்கொண்டே வந்தது. கார்த்திகையில் கிட்டத்தட்ட நின்றுவிட்டது.

இதை முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டாமா? வேண்டும். மாதிரித் தகடு நான்கைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டு வைத்திருந்தால் போதும். அந்த ஒரு வேலையை விட்டதால் ஒரு மாதத் தூக்கம் போனது. ஆனால் அந்தப் பயத்தில்தான் இந்த முறையைப் பயன்படுத்தும் வழியும் புரிந்தது. ஒரு இறக்கையின் எண்ணைத் தனியாகப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. ஈரமும் சூடும் எல்லா இறக்கைக்கும் ஒன்றுதான், விரிசல் மட்டும் ஒருத்தருடைய சொந்தச் சமாச்சாரம். ஆகவே மற்ற ஏழு பேரும் எங்கே நிற்கிறார்கள், இவன் மட்டும் எங்கே நிற்கிறான் என்று பார்க்கவேண்டும். நோட்டில் ஒன்பதாவதாக ஒரு பத்தி போட்டோம்: எட்டின் நடு எண். அதிலிருந்து ஒவ்வொன்றும் எவ்வளவு விலகுகிறது என்பது பத்தாவது.

மார்கழியில் ஐந்தாம் நம்பர் விலக ஆரம்பித்தது. பெரிதாக இல்லை. போன வாரம் விலகியது, இந்த வாரம் கொஞ்சம் திரும்பியது, அடுத்த வாரம் மறுபடி விலகியது. மேஸ்திரி வெள்ளிப் பசையைச் சந்தேகப்பட்டார். நான் தம்பியின் பெட்டியைச் சந்தேகப்பட்டேன். பெட்டியை மாற்றிப் பார்த்தும் அதே எண்.

பொங்கலுக்கு ஆலை ஐந்து நாள் நின்றது. சாரல் இல்லை, அறைக் கதவு திறந்து கிடந்தது. திறப்பதற்கு முந்தின நாள் போய்ப் படித்தோம். ஏழு இறக்கைகள் சற்றுக் காய்ந்து இறங்கியிருந்தன. ஐந்து இறங்கவில்லை, முன்பு நின்ற இடத்திலேயே நின்றது.

அங்கேயே ஒரு சோதனை செய்தோம். இறக்கையின் நுனியில் 20 கிலோ மணல் மூட்டையைத் தொங்கவிட்டு, எண்ணைப் பார்த்துக்கொண்டே இறக்குவது. மூன்றாம் நம்பரில் மூட்டையின் சுமை ஏறும்போது எண் வழுவழுவென்று ஏறியது, எடுத்ததும் பழைய இடத்துக்கு வந்தது. ஐந்தில் எண் படிக்கட்டு ஏறுவது போலத் தாவித் தாவி ஏறியது. மூட்டையை எடுத்த பிறகும் முழுசாக இறங்கவில்லை. ஆலை ஓடாததால் அறை அமைதியாக இருந்தது. மேஸ்திரி சட்டைப் பையிலிருந்து நாணயத்தை எடுத்துக் கழுத்தில் வரிசையாகத் தட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் கை நின்றது. "பொத்துங்குதுண்ணே."

வெட்டிப் பார்த்தபோது

ஸ்பேராகச் செய்து வைத்திருந்த இறக்கையை எடை சரிபார்த்து மாட்டிவிட்டு, ஐந்தைப் பட்டறைக்குக் கொண்டுவந்து தண்ணீர் விட்டுக் கழுத்தைக் குறுக்கே வெட்டினோம். வெட்டு முகத்தை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, பேனாவுக்கு ஊற்றும் சிவப்பு மசியைத் தடவித் துடைத்தோம். கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு சிவப்புக் கோடு. லேயர் பிரிவு. அது முடியும் இடத்தில், லென்ஸ் வைத்துப் பார்த்தால், மசியில் நனைந்த வெள்ளை இழைக் கட்டு ஒன்று. பட்டறைப் பாஷையில் சொன்னால் ரெசின் இழுக்காத இடம்.

கோடு ஓடியது நாங்கள் போட்ட கறுப்பு லேயருக்கும் அதன் கீழே உள்ள லேயருக்கும் நடுவில். காய்ந்த இழை இருந்ததும் கறுப்பு லேயருக்குள்.

நானோகுழாய் கலந்தால் எபாக்ஸி தடித்துவிடும். இதை நான் கையிலேயே உணர்ந்தேன், ரோலர் கனத்தது. தடித்த ரெசின் இழைக் கட்டுக்குள் இறங்கச் சோம்பல்படும். போதாதற்கு இழைக் கட்டு வடிகட்டி மாதிரி வேலை செய்து குழாய்களை வெளியிலேயே நிறுத்தியும்விடும். அன்று கடைசியாகப் போட்ட இறக்கைகளில் ஒன்று ஐந்து. ரெசின் செட்டாகிற நேரம் நெருங்கியிருந்தது. பையன்கள் அவசரத்தில் ரோலரை இரண்டு ஓட்டு குறைத்து ஓட்டியிருக்கலாம். ஆனால் சாதாரண ரெசினாக இருந்தால் அந்த அவசரத்தை அது மன்னித்திருக்கும்.

சேதத்தைக் கண்டுபிடிக்கப் போட்ட லேயர்தான் சேதத்தையும் உண்டாக்கியது. தம்பி இதை ஆய்வறிக்கையில் எப்படி எழுதுவது என்று தலையைச் சொறிந்தார். அப்படியே எழுது என்றேன்.

இரண்டாவது செட்டில் முறையை மாற்றினோம். சுமை தாங்கும் லேயர் முழுவதும் வழக்கமான ரெசின். அது இறுகிய பிறகு, சல்லடைத் துணி போல மெல்லிய டிஷ்யூ மேட்டில் கறுப்புப் பசையைத் தடவி, கழுத்துக்கு மேலே தோல் மாதிரி ஒட்டுவது. இதில் நஷ்டமும் உண்டு. ஆழத்தில் விழும் பிரிவு இந்தத் தோலுக்கு முன்னைப்போல உடனே தெரியாது, கழுத்தின் வளைவு மாறும் அளவுக்கு வளர்ந்த பிறகே தெரியும். எனக்கு இது சம்மதம். உள்ளே இருந்து உளவு சொல்லி வீட்டையும் இடிப்பவனைவிட, வாசலில் நின்று கொஞ்சம் தாமதமாகக் கத்துகிறவன் தேவலை. தம்பிக்குச் சம்மதமில்லை. கலவையை 0.2 சதவீதமாகக் குறைத்து, சூடாக்கி இளக்கிப் போட்டால் உள்லேயரிலேயே வேலை ஆகும் என்கிறார். அவர் கல்லூரி லேபில் அதைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

எங்கே விரிசல் என்பதை எங்கள் நான்கு ஒயர் சொல்லாது, எந்த இறக்கை என்று மட்டும் சொல்லும். சுற்றிலும் பதினாறு ஒயர் வைத்தால், உடம்புக்குள் பார்ப்பது போல மின்தடைப் படமே எடுக்கலாம். விசிறிக் கழுத்துக்கு அது அதிகப்படி. ஆண்டிப்பட்டிப் பக்கம் காற்றாலை இறக்கைகளைக் காட்டி "அதுக்கும் போடலாமா?" என்று கேட்கிறார்கள். அந்த நீளத்துக்கு இடி மின்னல் என்று ஒன்று இருக்கிறது. மின்னலைத் தரைக்குக் கொண்டுபோக அதற்குள் தனிக் கடத்தி வைத்திருக்கிறார்கள். அதன் பக்கத்தில் நாமும் ஒரு கடத்தும் லேயரைப் போட்டு ஒயர் இழுப்பது என்பது என் பட்டறையில் முடிவுசெய்யும் விஷயமில்லை.

பங்குனியில் இரண்டாவது செட் தயாராகும்வரை பழைய ஏழும் அந்த ஸ்பேரும் ஓடின. ஸ்பேரை மாட்டிய அன்று, நோட்டில் ஐந்து என்று போட்டிருந்த பத்திக்கு நேரே அதன் தொடக்க எண்ணை எழுதப் போனேன். மேஸ்திரி கையைப் பிடித்தார்.

"அதுக்கு நேரே எழுதாதீங்கண்ணே. பின்னாடி பாக்குறவன் ரெண்டும் ஒண்ணுன்னு நெனைச்சுருவான். ஒம்பதுன்னு போடுங்க."

எட்டு இறக்கைதான். நாலுக்குப் பக்கத்தில் பெயின்டால் ஒன்பது என்று எழுதி மாட்டினோம்.